படுகளமும் கோதாவும்

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. 2025 டிசம்பர் 14. காலைப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் என் பேத்தி டிவி முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அமெரிக்காவில், வாஷிங்டன் நகரத்தில், அப்போது சனிக்கிழமை ராத்திரி. ஜான் சீனா என்கிற 48 வயது மல்லர் தன் கடைசி ஆட்டத்தில், குந்தர் என்கிற ஆஸ்திரியாக்காரரின் பிடியில் கழுத்து சிக்கிக் கிடந்தார். ‘விட்டுக்கொடுக்காதே’ என்று எழுதிய துண்டை எத்தனையோ வருஷமாகத் தூக்கிக் காட்டிவந்த மனிதர். திமிறினார், எழுந்தார், மறுபடியும் அதே பிடிக்குள் விழுந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கையைத் தட்டினார். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மணி அடித்துவிட்டார்கள்.

அரங்கமே கூச்சல் போட்டது. “எதுக்கு தாத்தா தட்டினாரு? கடைசி ஆட்டத்துலகூடவா ஜெயிக்கக் கூடாது?” என்று பேத்தி என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் பதில் சொல்லவில்லை. சீனா தன் காலணிகளைக் கழற்றினார். மணிக்கட்டுப் பட்டைகளைக் கழற்றினார். எல்லாவற்றையும் கோதாவின் நடுவில் வைத்துவிட்டு நடந்து போனார். அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சலங்கையை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றி வைத்துவிட்டுக் கூத்துக் களரியை விட்டு இறங்கிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவரை இறங்க வைத்தவன் நான்.

எனக்கு எழுபது வயதாகிறது. கருங்குழிக்காரன். கருங்குழி என்றதும், வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்தாரே அந்த ஊரா என்று கேட்பார்கள். அது வடலூர்ப் பக்கம், கடலூர் மாவட்டம். எங்களுடையது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி. படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் கோட்டை இருந்த ஊர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்தக் கோட்டைக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான் படாளம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளவயதில் ஆறேழு வருஷம் தெருக்கூத்தில் வேஷம் கட்டினேன்.

என் அப்பா காலத்தில் தாராசிங், கிங்காங் என்று சொன்னாலே திண்ணையில் கூட்டம் கூடிவிடும். தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தபோது என் பிள்ளைகள் அண்டர்டேக்கர், கேன், ராக் என்று பிதற்ற ஆரம்பித்தார்கள். அப்போது அதற்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று பேர், 2002-ல்தான் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆயிற்று. பெட்டிக்கடையில் சீட்டுக்கட்டு வாங்கி, யாருக்கு மார்பளவு அதிகம், யார் எத்தனை சண்டை ஜெயித்தார் என்று பள்ளிக்கூட வாசலில் பந்தயம் கட்டுவார்கள். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று என் சின்னவன் சத்தியம் செய்வான். “எல்லாம் பொய்ச் சண்டைடா, போய்ப் படி” என்று டிவியை அணைத்துவிடுவேன். விடியவிடிய பீமன் வேஷம் கட்டி ஆடியவன் நான். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கூசுகிறது.

கண் திறந்தது 2020-ல், ஊரடங்கின்போது. அந்தச் சித்திரை வைகாசியில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயிலிலும் பாரதம் நடக்கவில்லை. கொடியேற்றம் இல்லை, கூத்து இல்லை, படுகளம் இல்லை. கூத்துக்காரர் வீடுகளில் அரிதாரப் பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. அந்த நாளில் பேத்தி பழைய ஆட்டங்களையும் புது ஆட்டங்களையும் ஓட விடுவாள். வேறு வேலை இல்லாததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வருஷத்து ரெஸில்மேனியா, எழுபதாயிரம் எண்பதாயிரம் பேர் கூடும் திருவிழா, ஆர்லாண்டோவில் உள்ள அவர்களுடைய பயிற்சிக்கூடத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் நடந்தது. கைதட்டல் கிடையாது, விசில் கிடையாது. அதனாலேயே அதுவரை கேட்காத சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம். முதுகு பலகையில் அறையும் சத்தம். ஒருத்தரை ஒருத்தர் தூக்குவதற்கு முன் வாங்கும் ஒரு சின்ன இழுப்பு மூச்சு. ஆளில்லாத களரியிலும் அடவு பிசகாமல் ஆடினார்கள். கூத்தாடிக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டமென்று. முன்னால் நாலு பேர் உட்கார்ந்து தலையாட்டினால்தான் நமக்கு அடுத்த அடி எழும்பும்.

அன்றிலிருந்து நான் இதைப் பாடம் மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பேத்திதான் குரு.

இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். இதில் மூடுமந்திரம் ஒன்றும் இல்லை. 1989-லேயே நியூ ஜெர்சி மாநில மேலவையில், இது விளையாட்டுப் போட்டி கிடையாது, கேளிக்கை என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனால் முடிவு எழுதிவைத்தது என்பதால் விழுவதும் எழுதிவைத்த விழுகை ஆகிவிடுமா? கோதா என்பது இருபதுக்கு இருபது அடி. அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய நுரைமெத்தை, எல்லாவற்றையும் மூடி ஒரு கான்வாஸ் துணி. அவ்வளவுதான். இதன்மேல் நூறு கிலோ உடம்பு ஆள் உயரத்திலிருந்து மல்லாக்க விழுகிறது. ராத்திரி ராத்திரி விழுகிறது, இருபது வருஷம் விழுகிறது.

விழுவதற்கென்று ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். ‘பம்ப்’ என்று பேர். பயிற்சிக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்; அடிக்கக் கற்பது அப்புறம். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் பின்மண்டை முதலில் தரையில் படும். இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கையால் பலகையை அறைய வேண்டும். இடுப்போ, முழங்கையோ, மண்டையோ முந்திக்கொள்ளாமல் மேல்முதுகு முழுசும் ஒரே நேரத்தில் தரையில் படிய வேண்டும். அப்போது மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். நான் திண்ணையில் பேத்தியின் போனில் இதை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் இன்னொருத்தனைத் தலைக்கு மேல் தூக்கும்போது, தூக்குகிறவனின் ஒரு கை தூக்கப்படுகிறவனின் கழுத்துக்குப் பின்னால் போயிருக்கும். பார்ப்பவனுக்கு அது முரட்டுப் பிடி. உண்மையில் அவன் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறான். போடும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பிலும் பாதி அடியை வாங்கிக்கொள்கிறான்.

கீழே விழுந்தவன் கிடக்கும்போது, அடித்தவன் அவன் கையை எடுத்து முறுக்குவான். அந்த முறுக்கலுக்குள் விரலை லேசாக அழுத்துவான். நல்லா இருக்கியா என்று கேள்வி. அவன் திருப்பி அழுத்தினால், இருக்கிறேன் என்று பதில். நடுவர் பக்கத்தில் குனிந்து மிரட்டுகிற மாதிரி நின்று, ஒருத்தன் சொல்வதை இன்னொருத்தன் காதுக்குக் கொண்டுபோவார். நிஜமாகவே அடி பட்டுவிட்டால் நடுவர் தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்காகக் கட்டிக் காட்டுவார். வைத்தியர் ஓடிவருவார். இதெல்லாம் தெரிந்தபிறகு எனக்கு இதைப் பொய்ச் சண்டை என்று சொல்ல வாய் வரவில்லை. மார்பில் கையால் அறைகிற அறை இருக்கிறதே, அது முழுக்க நிஜம். குந்தர் அறைந்தால் எதிராளியின் நெஞ்சு செக்கச் செவேலென்று கன்றிப்போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. அடியை அடியாக்குவது வாங்குகிறவன். அடித்தவன் எவ்வளவு ஓங்கினாலும், வாங்குகிறவன் சுருண்டு விழாவிட்டால் அது காற்றில் போன அடிதான். ஒருத்தனைப் பெரிய வீரனாக்க வேண்டுமென்றால் இன்னொருத்தன் தன் உடம்பைக் கொடுத்து அவனை ஏற்றிவிட வேண்டும். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம்மூரில் சொல்வோமே, அது குஸ்திக் களத்துப் பேச்சு. இங்கே மீசையில் மண் ஒட்டுவதே கலை. மண் ஒட்ட விழுந்து காட்டுகிறவனைத்தான் சக மல்லர்கள் மதிக்கிறார்கள்.

படுகளம் பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாரதத் திருவிழாவின் கடைசி நாட்களில், கோயில் எதிரில் வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள். நாங்கள் ஆடியபோது செய்தது நாற்பது அடிக்குக் குறையாது. மீசை, கிரீடம், உருட்டி விழிக்கும் கண் எல்லாம் வண்ணம் தீட்டி மலை போலக் கிடக்கும். தொடையில் ஒரு பானையைப் புதைத்துக் குங்குமம் கரைத்த தண்ணீரை நிரப்பி வைப்பார்கள். ராத்திரி முழுக்கக் கூத்து நடந்து, விடிந்தபிறகு பீமனும் துரியோதனனும் வேஷத்தோடு அந்த மண்ணுருவைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவார்கள். மேலே ஏறுவார்கள், குதிப்பார்கள், கதையைச் சுழற்றுவார்கள். கடைசியில் பீமன் தொடையைப் பிளக்கப் பானை உடையும். திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். கூடியிருக்கும் ஆயிரம் பேருக்கும் யார் சாகப்போகிறார் என்று தெரியும். அவர்களுடைய பாட்டனுக்கும் தெரியும். அப்படியும் துரியோதனன் விழும்போது பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அவர்களிடம் போய், இது முன்கூட்டியே எழுதின முடிவு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

1979-ம் வருஷம். மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு கிராமம். எனக்கு இருபத்து நாலு வயது. நான் பீமன். துரியோதனன் கட்டியவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய துரியோதனனைப் பார்க்க வந்தவாசிப் பக்கத்திலிருந்துகூட மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று அத்தனை கனத்தைச் சுமந்துகொண்டு அவர் கிர்ரென்று சுற்றினால் முகவீணைக்காரர் மூச்சு முட்டி வாசிப்பார்.

எங்கள் வாத்தியார் எனக்குப் பீமன் கொடுத்தபோது ஒன்று சொன்னார். “கதை அவன் மேல படணும். வலி அவன் மேல படக் கூடாது. அந்த இடைவெளி இருக்குது பாரு, அதான் ஆட்டம்.” தலையாட்டினேன். அன்றைக்கு விடியக்காலை வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. என் பேரைச் சொல்லி விசில் அடித்தார்கள். இளரத்தம், ராத்திரி முழுக்கத் தூங்காத வெறி, இத்தனை நாளும் அவருக்கு விழுந்த கைதட்டல் இன்றைக்கு எனக்கு விழுகிறதே என்ற மயக்கம். மண்ணுருவின் மார்புமேல் அவர் நின்றுகொண்டிருந்தார். பழகியபடி நான் மூன்றாவது சுற்றில்தான் கதையை ஓங்க வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே ஓங்கினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். மரக் கதை தோளில் இறங்கியது. கட்டைகளோடு சேர்ந்து அவர் மண்ணுருவிலிருந்து சரிந்து கட்டாந்தரையில் விழுந்தார். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டத்துக்குக் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அந்த மனிதர் எழுந்திருக்க முடியாத நிலையில் என்ன செய்தார் தெரியுமா? விழுந்த இடத்திலிருந்தே சாகும் பாட்டைப் பாடினார். பின்பாட்டுக்காரர்கள் திகைத்துப்போய்ப் பிறகு சேர்ந்துகொண்டார்கள். ஒரு கையால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டிச் செத்தார். நான் பானையை உடைத்தேன். என் கை நடுங்கியது. அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து அரிதாரம் கலைக்கும்போதுதான் அவர் முகம் வெளுத்திருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது. புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. புஜக்கட்டை கட்டவும் முடியவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் வந்து, சலங்கையைக் கண்ணில் ஒற்றி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரித்தவர்களிடம் எல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: “மண்ணு ஈரமா இருந்துச்சு, கால் வழுக்கிடுச்சு.” என் பேரைச் சொல்லவில்லை. ஊர் நம்பியது. நான் அந்தப் பொய்க்குள் ஒளிந்துகொண்டேன். பதினோரு மாதம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு போனபோதும் பழத்தை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டு வந்தேன். கூத்தும் எனக்கு அத்தோடு விட்டுப்போயிற்று.

2022 மார்ச் 11-ம் தேதி ஒரு ஆட்டத்தில், பிக் ஈ என்கிற மல்லரை ரிட்ஜ் ஹாலண்ட் என்பவர் கோதாவுக்கு வெளியே வைத்துத் தூக்கி எறிந்தார். எத்தனையோ தடவை செய்த வித்தைதான். அன்றைக்குச் சுழற்சி முழுசாக வரவில்லை. பிக் ஈ உச்சந்தலை தரையில் படும்படி விழுந்தார். கழுத்தெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. தூக்குப்படுக்கையில் கொண்டுபோகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மருத்துவமனையில் இருந்துகொண்டே, கவலைப்படாதீர்கள் என்று பேசிப் படம் எடுத்துப் போட்டார். அதன்பிறகு அவர் மல்லுக்கட்டவே இல்லை. தன்னைத் தூக்கி எறிந்தவர் மேல் தனக்கு வருத்தம் கிடையாது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். பேத்தி இதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மண்ணு ஈரமா இருந்துச்சு என்ற குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சண்டை போடாமல் வாழ முடியாது. அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டை, புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம், ஆலையில் மேஸ்திரியோடு தகராறு, எல்லாம் எனக்கும் இருந்தது. நான் பெரும்பாலும் ஜெயித்தவன். நாக்கு நீளம். என் தம்பியை ஒருமுறை பங்காளிகள் நடுவில் வைத்துப் பேச முடியாதபடி மடக்கினேன். நியாயம் என் பக்கம்தான். ஆனால் அவன் தலைகுனிந்து எழுந்துபோன விதம் இருக்கிறதே, அவனை நான் கழுத்தைத் தாங்காமல் கீழே போட்டிருந்தேன். அதற்கப்புறம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து சீராவதற்கு ஒரு கல்யாணமும் ஒரு சாவும் தேவைப்பட்டது. எதிராளியின் தலை நம் கையில் இருக்கும் நேரம் ஒன்று எல்லாச் சண்டையிலும் வருகிறது. அவனுடைய பலவீனம் நமக்குத் தெரியும், அவனும் அதைத் தெரிந்தே நம்மிடம் கொடுத்திருக்கிறான். கூடப் பிறந்தவனிடமும் கட்டினவளிடமும் போடுகிற சண்டை எல்லாம் அப்படிப்பட்டது. இதை நான் எழுபது வயதில், கோதாவைப் பார்த்துத்தான் தெளிவாகத் தெரிந்துகொண்டேன்.

பழைய ஆட்டங்களைவிட இன்றைய ஆட்டம் எனக்குப் பிடிக்கிறது என்றால் அதற்கும் இதுதான் காரணம். 1998-ல் மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் பதினாறு அடி உயரக் கூண்டின் மேலிருந்து தூக்கிப் போட்டதை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அந்த மனிதரின் துணிச்சலுக்கு நான் கை எடுத்துக் கும்பிடுவேன். அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க மாட்டேன். நாற்காலியால் மண்டையில் அடிப்பதை 2010-ல் தடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். இன்றைய பிள்ளைகள் கதை சொல்லுவதில் தேர்ந்திருக்கிறார்கள். சாமி ஜேன் என்று ஒருத்தர், 2023 ஜனவரியில், தன்னைச் சேர்த்துக்கொண்ட ரோமன் ரெய்ன்ஸ் கூட்டத்துக்கும் பழைய சினேகிதன் கெவின் ஓவன்ஸுக்கும் நடுவில் நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஓடியதைக் கர்ணன் வேஷம் கட்டுகிறவன் கட்டாயம் பார்க்க வேண்டும். கோடி ரோட்ஸ் 2022 ஜூனில் மார்புத் தசை கிழிந்து பாதி நெஞ்சு ஊதாநிறமாகக் கன்றிப்போன நிலையில் வந்து ஆடினார். எதிரில் சேத் ராலின்ஸ். அந்த நெஞ்சோடு ஒருத்தரைத் தூக்கிப் போட்டு விளையாடுவதென்றால் ராலின்ஸ் எவ்வளவு பார்த்துப் பார்த்து ஆடியிருக்க வேண்டும்! கோடிக்குத்தான் எல்லாரும் கை தட்டினார்கள். நான் ராலின்ஸுக்கும் சேர்த்துத் தட்டினேன்.

பேத்திக்கு ரியா ரிப்ளி என்றால் உயிர். ஹரியானாவிலிருந்து போன கவிதா தேவி சுடிதாரோடு கோதாவில் இறங்கிய படத்தையும் எனக்குக் காட்டினாள். 2023 செப்டம்பர் 8-ம் தேதி ஹைதராபாத் கச்சிபௌலி அரங்கத்தில் சீனாவே வந்து ஆடியபோது, கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சினாள். பரீட்சையைக் காரணம் காட்டி நான்தான் தட்டிக் கழித்தேன். போயிருக்கலாம்.

அதற்குப் பரிகாரம் போல ஒருநாள் அவளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். ‘மாமல்லன்’ என்றால் என்ன அர்த்தம் என்று பஸ்ஸிலேயே கேட்டேன். ராஜா பேர் என்றாள். பெரிய மல்லன், மல்யுத்தத்தில் வல்லவன் என்று அர்த்தம். வாதாபியை வென்ற நரசிம்மவர்ம பல்லவனுக்கு அந்தப் பட்டம். ஒரு மல்லன் பேரால் ஊர் இருப்பது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் அவளை நிறுத்தி வைத்தேன். எட்டுக் கையோடு சிங்கத்தின்மேல் தேவி வில்லை வளைத்துக்கொண்டு வருகிறாள். எதிரில் எருமைத்தலை மகிஷன் இரண்டு கையாலும் கதையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, பின்வாங்கலாமா எதிர்க்கலாமா என்று நிற்கிறான். இன்னும் விழவில்லை. தோற்கப்போகிற அந்த அசுரனைச் சிற்பி எவ்வளவு பெரியவனாகச் செதுக்கியிருக்கிறார் பாருங்கள். தேவியைவிடப் பெரிய உடம்பு. தலைக்கு மேல் ராஜாவுக்குப் பிடிக்கிற குடைகூடக் கொடுத்திருக்கிறார். வேறு இடங்களில் அவள் காலடியில் வெட்டுண்ட எருமைத் தலையாகக் கிடப்பவன், இங்கே சரிசமமாக நிற்கிறான். “எதிராளி இவ்ளோ பெருசா இருந்தாத்தான் தாத்தா அவங்க ஜெயிக்கிறது பெருசாத் தெரியும்” என்றாள் பேத்தி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கல்லை ஒரு கோதா ரசிகை பார்த்த விதம் அது. எனக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

சீனா கை தட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை, மார்கழிக் குளிரில், பேத்தியின் போனை வாங்கிக்கொண்டு என் வண்டியில் கிளம்பினேன். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் அவர் ஊர் முக்கால் மணி நேரம். எழுபத்து மூன்று வயது. ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். திண்ணையில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

“வா தம்பி. இன்னா அதிசயமா, காலங்காத்தால?”

“ஒரு ஆட்டம் காட்டலாம்னு வந்தேன் அண்ணா.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். யார் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. முதல் ரெண்டு நிமிஷத்திலேயே குந்தரைக் காட்டி, “இவன் நல்ல ஆட்டக்காரன்” என்றார். “அவன் கையைப் பாரு. தாடையை முழங்கை மடிப்புல வாங்கியிருக்கான். தொண்டையை அமுக்கல. பாக்கறவனுக்குத்தான் மூச்சு முட்டுது.” சீனா சிரித்துக்கொண்டே கை தட்டியதும் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “அந்தச் சிரிப்பை இன்னொரு தபா போடு.” போட்டேன். மூன்று தடவை பார்த்தார்.

நாற்பத்தாறு வருஷம் தொண்டையில் கிடந்ததை அப்போது சொன்னேன். “அன்னிக்கு மண்ணு ஈரமா இல்லண்ணா. நான் முன்னாடியே ஓங்கிட்டேன்.”

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “தெரியாமயா? அடி வாங்கினது நான்தானே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லியிருந்தா உன்னை எந்த ஜமாவுலயும் சேத்திருக்க மாட்டாங்க. நீயே வுட்டுட்டுப் போவேன்னு நான் நெனைக்கல. அதுதான் எனக்கு ரொம்ப நாள் கோவம்” என்றார்.

உள்ளேயிருந்து மருமகள் காப்பி கொண்டுவந்தாள். இடது கையால் வாங்கினார். வலது கை இன்றைக்கும் மடியிலேயே இருந்தது. வரும் வருஷம் அவர் ஊர்ப் பாரதத்துக்குப் பீமனும் துரியோதனனும் கட்டப்போவது இருபது வயதுப் பையன்கள். ஒருத்தன் கல்லூரியில் படிக்கிறான், இன்னொருத்தன் மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். ரெண்டு பேரும் போனில் இந்தக் கோதாச் சண்டையைப் பார்க்கிறவர்களாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் திண்ணைக்கு வரச் சொல்லலாமா என்று கேட்டேன்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “மொதல்ல விழறதுக்குச் சொல்லிக் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தி, முகவாயை நெஞ்சோடு ஒட்டிக் காட்டினார். “இப்படித்தானே அவனுங்களும் விழறானுங்க?”